ஏழு பேர் வண்டி

பல்செட்காரருக்கும் இராணுவத்துக்கும் இருந்த சம்பந்தம் இவ்வளவுதான்: ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவருக்கு ஒரு காலத்தில் கீழ்த்தாடைப் பல்செட் செய்து கொடுத்திருக்கிறார். அதுவும் சரியாகப் பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. அப்படிப்பட்டவர் நாட்டின் கவச வண்டி நிபுணர் ஆனது எப்படி என்று கேட்டால், அதற்கு அவர் பொறுப்பில்லை. அவரை நிபுணர் ஆக்கியது அரசாங்கம்.

பகலில் பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப் பல் வார்ப்பார். மிஞ்சிய நேரத்தில், மிஞ்சிய ஈறு நிறப் பிளாஸ்டிக்கில், கட்டைவிரல் அளவுக்கு டாங்கிகளும் லாரிகளும் செய்வார். மேசைமேல் போர் விளையாடுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. மலை, ஆறு, பாலம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, சின்னச் சின்னப் படைகளை நகர்த்தி, பகடை உருட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு நாட்டைப் பிடித்துவிடுவார்கள். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், அந்த வண்டியின் டிரைவரே நான்தான், காயம்பட்டுக் கிடக்கும் சிப்பாயும் நான்தான் என்று வேஷம் கட்டிப் பேசி விளையாடுவார்கள்.

இவர்களுக்கு உதவட்டும் என்று பல்செட்காரர் 'பகடைப் படை' என்று ஒரு சேனல் நடத்திவந்தார். வண்டிக்குள்ளிருந்து பார்த்தால் வெளியே எவ்வளவு தெரியும், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், தீப்பிடித்தால் எல்லோரும் இறங்க எத்தனை சுற்று ஆகும், அதற்குப் பகடையில் என்ன விழவேண்டும் என்பதெல்லாம்தான் அவர் சரக்கு. அந்த வண்டிகளில் ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எழுதியதைப் படித்துச் சொல்வார். அதுவும் கிடைக்காவிட்டால் கடையில் வாங்கிய மாடலைப் பார்த்துச் சொல்வார். கேட்கிறவர்களும் மேசையை விட்டெழுந்து போர்க்களத்துக்குப் போகப்போவதில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவருடைய வீடியோக்களில் ஒன்று, ஆற்றில் இறங்கி மறுகரை ஏறும் ஒரு கவச வண்டியைப் பற்றியது. அந்த மாடல் பெட்டிக்குள் ஏழு பொம்மைச் சிப்பாய்கள் இருந்தார்கள். எட்டாவது பொம்மை இருந்திருக்க வேண்டிய இடத்தில், தயாரித்தவர்கள் சிக்கனம் பார்த்து ஒரு ஸ்பேர் சக்கரத்தை வைத்திருந்தார்கள். பல்செட்காரர் காமிராவைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இது ஏழு பேர் வண்டி. எட்டாவது ஆளை வெச்சு யாராவது விளையாடினா அது கள்ளாட்டம். ஒத்துக்காதீங்க."

இந்த வரியைக் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பெண் அவரைத் தேடி வந்தார்.

பட்டறையின் அலமாரிகளில் சுண்ணாம்புத் தாடைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. பெண் அவற்றைப் பார்க்கவில்லை. அரசு மருத்துவமனை லிப்ட் ஆபரேட்டர் சீருடையில் இருந்தார். வேலை முடிந்து நேராக வந்திருப்பார் போல.

"மேல்தாடையா, கீழ்த்தாடையா?" என்றார் பல்செட்காரர்.

"பல்லு இல்ல சார். என் தம்பி."

தம்பி சிப்பாய். ஆற்றைக் கடக்கும் பயிற்சியில் அவன் இருந்த கவச வண்டி நடு ஆற்றில் கவிழ்ந்தது. கிரேன் வைத்துத் தூக்கியபோது உள்ளே எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் உயிர் இல்லை. ஏழு பேருக்குத் துப்பாக்கி முழங்க அடக்கம் நடந்தது.

"எட்டாவது என் தம்பி சார். அந்த வண்டியில ஏழு பேருக்குத்தான் இடம், அதனால உங்க தம்பி அதுல இல்லவே இல்லன்னு விசாரணை ஆணையத்துல சொல்றாங்க. யாரு சொன்னதுன்னு கேட்டேன். உங்க வீடியோவைப் போட்டுக் காட்டினாங்க."

பல்செட்காரர் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். "அப்போ உங்க தம்பி எங்க போனார்னு சொல்றாங்க?"

"பயந்து ஓடிப்போயிட்டானாம்."

"அந்த எட்டாவது உடம்பு?"

"அது உபரியாம் சார்."

உபரி என்ற சொல்லை அவர் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது.

"என் லிப்ட்ல எட்டு பேர்னு எழுதி ஒட்டியிருக்கு சார்" என்றார் அக்காக்காரி. "பார்வையாளர் நேரத்துல பன்னெண்டு பேர் அடிச்சுப் புடிச்சு ஏறுவாங்க. நடுவுல கயிறு அறுந்துதுன்னா, மிச்சம் நாலு பேர் ஏறவே இல்லன்னு சொல்லிடுவாங்களா?"

பல்செட்காரர் அலமாரியில் இருந்த மாடலைக் காட்டினார். "அது வந்தும்மா... பெட்டியில ஏழு பொம்மைதான் இருந்தது. எட்டாவது இடத்துல சக்கரம் இருந்தது."

அந்தப் பெண் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "அதை வந்து அவங்ககிட்ட சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேணாம். எனக்கு அவன் உடம்பு வேணும், கொண்டுபோய் அடக்கம் பண்ணணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே பல்செட்காரர் இன்னொரு வீடியோ எடுத்தார். நான் சொன்னது தப்பு, பொம்மையை எண்ணிச் சொன்னேன், மன்னியுங்கள் என்றார். ஏற்றிய சூட்டோடு அது காணாமல் போனது. 'அரசு அங்கீகரித்த உண்மைக்கு மாறான தகவல்' என்று ஒரு அறிவிப்பு மட்டும் வந்தது. அடுத்த நாள் காலை அவர் மனைவி பட்டறையிலிருந்து கூப்பிட்டார்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. மேசை பூரா தண்ணி."

அலமாரியில் இருந்த கவச வண்டி மாடலின் பின்கதவு இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் வண்டி அது. துடைத்து வைத்தார்கள். மறுநாளும் சொட்டியது.

"ஊர்ல மத்தவங்க வீட்ல கூரை ஒழுகும். எனக்கு வாய்ச்ச வீட்ல டாங்கி ஒழுகுது" என்று மனைவி கிண்டலாகத் துணியை எடுத்து வந்தார். பிழிந்தபோது விரலில் சேறு ஒட்டியது. முகர்ந்து பார்த்தவர் கிண்டலை நிறுத்திக்கொண்டார்.

"இது குழாய்த் தண்ணி இல்லீங்க. ஆத்துத் தண்ணி." துணியைக் கைக்கு எட்டாத தூரத்தில் போட்டார். "அந்தப் பொண்ணு சொன்ன இடத்துக்குப் போய் என்ன சொல்லணுமோ சொல்லிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் நான் இந்த ரூமுக்குள்ள கால் வெக்க மாட்டேன்."

கவச ஊர்தி உண்மை நிர்ணய ஆணையம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. உண்மையை நிர்ணயிப்பது களைப்பான வேலை என்பதால் எல்லா நாற்காலிகளிலும் மெத்தை போட்டிருந்தார்கள். துணைத்தலைவர் பல்செட்காரரை வாசலுக்கே வந்து வரவேற்றார். முகம் பூரா மலர்ச்சி.

"சார், உங்க வீடியோ ஒண்ணுவிடாம பாத்திருக்கோம். ஆணையமே மொத்தமா உக்காந்து பாத்துச்சு. டீ குடிக்கக்கூட நிறுத்தல."

"வண்டிக்குன்னு ஒரு கையேடு இருக்குமே சார். அதைப் பாக்கலாமே?"

"இருக்கு சார். பரம ரகசியம். பெட்டகத்துல வெச்சிருக்கு. எந்தப் பெட்டகம்ங்கறதும் ரகசியம். அதைப் படிக்க அனுமதி இருந்தது ஒரே ஒரு அதிகாரிக்குத்தான். அவர் ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டார். இருந்தப்பவும் அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

பேசிக்கொண்டே நடைபாதையில் வந்தவர், பாதி வழியில் பேச்சை நிறுத்தாமலே உடம்பைத் திருப்பி, முதுகைச் சுவரோடு ஒட்டி, ஒருக்களித்து இரண்டு எட்டு வைத்து, மறுபடி நேராக நடந்தார். எதிரே கோப்புகளோடு வந்த பெண்ணும் அதே இடத்தில் அதேபோல ஒருக்களித்துப் போனார். பின்னால் டீத் தட்டோடு வந்தவர், தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒருக்களித்தார். நடைபாதையின் நடுவில் ஒன்றுமே இல்லை. தரையில் மட்டும் ஆள் நிற்கும் அளவுக்கு ஈரம் இருந்தது. பக்கத்தில் ஒரு துடைப்பான் சாய்த்து வைத்திருந்தது.

"அங்க யாரு சார்?"

"எங்க சார்?"

"நீங்க இப்ப ஒதுங்கி வழி விட்டீங்களே."

"ஓ, அதுவா? பழக்கம் சார்."

பல்செட்காரருக்கு எரிச்சல் வந்தது. இல்லாத ஆளுக்கு நான் ஏன் ஒதுங்க வேண்டும் என்று நேராக நடந்தார். கழுத்துவரைக்கும் குளிர் ஏறியது. மூச்சு நின்றுவிட்டது. ஒரு கணம் காதுக்குள் தண்ணீர் அடைத்த மாதிரி எல்லாச் சத்தமும் தூரமாகப் போனது. அந்தப் பக்கம் வந்து விழாத குறையாகச் சுவரைப் பிடித்தபோது செருப்பு இரண்டும் சொதசொதவென்று நனைந்திருந்தன.

துணைத்தலைவர் கைக்குட்டையை நீட்டினார். "மொத நாள் எல்லாருமே அப்படித்தான் சார் போவாங்க" என்றார் தணிந்த குரலில்.

"எப்பருந்து இது?"

"வண்டியைத் தண்ணியிலருந்து தூக்கினாங்க இல்ல, அன்னையிலருந்து." சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினார். தலைவர் கையெழுத்தோடு அது சொன்னது: 'நடைபாதையில் யாரும் நிற்கவில்லை. ஊழியர்கள் நிற்காதவர்மீது மோதாமல் செல்லவும்.'

தலைவர் அறையில் அக்காக்காரி ஏற்கெனவே காத்திருந்தார். பார்வையாளர் நாற்காலியின் நுனியில், யாரோ எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். தலைவர் நல்ல உயரம். பெரிய மேசை. உறுப்பினர்கள் நான்கு பேர் அவருக்கு இருபுறமும் இருந்தார்கள். தலைவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையாட்டிவிடுவது அவர்கள் பணி.

பல்செட்காரர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பெட்டி, ஏழு பொம்மை, ஸ்பேர் சக்கரம், தன் முட்டாள்தனம், எல்லாமும்.

தலைவர் வருத்தத்தோடு கண்ணை மூடித் திறந்தார். "ஒரு நிபுணரைப் பத்தி இப்படிப் பேசறது நல்லா இல்ல."

"அந்த நிபுணர் நான்தான் சார்."

"வீடியோவுல இருக்கறவர் நிபுணர். நீங்க அவர்மேல புகார் சொல்ல வந்திருக்கற பொதுஜனம்."

"மூஞ்சியப் பாருங்க சார்!"

தலைவர் வீடியோவை நிறுத்திவைத்துப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "மூஞ்சி ஒத்துப்போகுது. கருத்து ஒத்துப்போகல. சரி, நீங்களும் நிபுணர்னே வெச்சுக்குவோம். அவரை நாங்க ஏத்துக்கிட்டது முன்னாடி. நீங்க இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க. அவர் சீனியர், நீங்க ஜூனியர். சீனியர் சொன்னதை ஜூனியர் மறுக்கறது எந்த ஆபீஸ்ல நடக்கும்?"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். அக்காக்காரி எழுந்து நின்றார்.

"ஐயா, உள்ளே எட்டு உடம்பு இருந்துச்சு. கிரேன்காரங்க எண்ணினாங்க. என் தம்பி கதவோரமா கைப்பிடியைப் புடிச்சபடியே இருந்தானாம். அந்தக் கையைப் பிரிச்சு எடுக்கறதுக்கே..."

"அம்மா, எங்க நெஞ்சுல ஈரம் இல்லன்னு நினைக்காதீங்க" என்றார் தலைவர். கதவின் கீழிருந்து ஈரம் ஒரு கோடாக அறைக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. அவர் காலை மட்டும் கொஞ்சம் தூக்கி நாற்காலிக் குறுக்குச் சட்டத்தில் வைத்துக்கொண்டார். "நானும் அக்கா தங்கையோட பொறந்தவன்தான். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. உடலைக் கொடுக்கணும்னா அது ஒரு ஆளோட உடலா இருக்கணும். ஒரு ஆள் சாகணும்னா அவர் வண்டியில இருந்திருக்கணும். இருந்திருக்கணும்னா இடம் இருக்கணும். இடம் இல்ல. அப்போ அந்த ஆள் சாகல. யாரும் சாகாம எங்களுக்கு ஒரு உடல் மட்டும் கூடுதலா வந்திருக்கு. அதை எவ்வளவு மரியாதையா வெச்சிருக்கோம் தெரியுமா? குளிர் அறையில தனித் தட்டு. மத்த உபரிச் சாமானெல்லாம் முற்றத்துல தார்ப்பாய் போட்டுத்தான் கிடக்கு."

"ஒரே ஒரு தடவை முகத்தைப் பாக்க விடுங்கய்யா."

"ஓடிப்போனவர் முகத்தை அதுல எப்படிம்மா பாப்பீங்க?"

பல்செட்காரருக்கு மேசையில் இருந்த எதையாவது எடுத்து எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. அப்போது துணைத்தலைவர் குனிந்து தலைவர் காதில் ஏதோ சொன்னார். நிபுணர்கள் இருவர் முரண்பட்டால் பொருளை நேரில் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதாம்.

தலைவர் முகம் சுருங்கியது. ஆணையம் அதுவரை எந்தக் கவச வண்டியையும் பார்த்ததில்லை. பார்த்தால் அதன்மேல் ஒரு அபிப்பிராயம் வந்துவிடும், அது விசாரணையைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் விதி விதிதான். ஆற்றிலிருந்து தூக்கிய வண்டி பின் முற்றத்தில்தான் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நடைபாதையில் ஆணையம் முழுதும் ஒருவர்பின் ஒருவராக ஒருக்களித்து நடந்ததைப் பார்க்க, பயிற்சி எடுத்த நடனக் குழுபோல இருந்தது. அக்காக்காரி மட்டும் அந்த ஈரத்தின் முன்னால் நின்றார். ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு அவரும் சுவரோரமாக வந்தார்.

முற்றத்தில் தார்ப்பாய்களுக்கு நடுவே வண்டி நின்றது. வெயிலில் மற்றதெல்லாம் காய்ந்து கிடக்க, அதன் அடிவயிற்றிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. பல்செட்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக அசல் வண்டியைப் பார்த்தார். அவர் மாடலைவிட அது ரொம்ப அசிங்கமாக இருந்தது. பின்கதவின் உள்பக்கக் கைப்பிடியைச் சுற்றிப் பெயிண்ட் உரிந்திருந்தது.

தலைவர், துணைத்தலைவர், உறுப்பினர்கள் நான்கு பேர், பல்செட்காரர்: சரியாக ஏழு பேர். "நாம ஏறி உக்காருவோம். நிறைஞ்சுதுன்னா ஏழு பேர் வண்டி. விஷயம் முடிஞ்சுது" என்றார் தலைவர். ஏறினார்கள். தொப்பை தொப்பையோடு இடித்தது. எல்லோரும் உட்கார்ந்தபின், பல்செட்காரருக்குப் பக்கத்தில், கதவோரமாகச் சுவரோடு மடித்து வைத்த ஒரு பலகை மிச்சமிருந்தது.

"சார், இது எட்டாவது ஸீட்" என்றார் பல்செட்காரர்.

"அது சாமான் வெக்கிற தட்டு."

"பெல்ட் இருக்கே சார்."

"சாமான் விழக்கூடாது இல்லையா?"

கதவை வெளியிலிருந்து காவலாளி மூடினார். உள்ளே கும்மிருட்டு. சேற்று வாடை மூக்கில் ஏறியது. துணைத்தலைவர் உற்சாகமாகப் பேசினார்: "சார், உங்க வீடியோவுல சொல்வீங்களே, கதவு மூடினதும் இருட்டுல யாரெல்லாம் இருக்காங்கன்னு தெரிய வரிசையா எண் சொல்லணும்னு. நாமளும் சொல்லிடலாம். முறையா இருக்கும்."

"ஒண்ணு" என்றார் தலைவர்.

இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று முன்னிருந்து பின்னாக வந்தது. "ஏழு" என்றார் பல்செட்காரர்.

"எட்டு" என்றது அவர் பக்கத்தில் ஒரு குரல்.

இளைஞன் குரல். சட்டென்று, சுறுசுறுப்பாக, வேலையை முடித்துவிட்டு இறங்கலாம் என்ற அவசரத்தோடு வந்தது.

"எதிரொலி" என்றார் தலைவர். "மறுபடி எண்ணுவோம். ஒண்ணு."

இந்தத் தடவை ஆறாவதாக உட்கார்ந்திருந்த உறுப்பினர் எண்ணுக்குப் பதிலாகக் கடவுள் பெயரைச் சொன்னார். பல்செட்காரர் "ஏழு" என்றார். பலகை சுவரிலிருந்து இறங்கும் ஓசை கேட்டது. யாரோ அதில் உட்கார்ந்தார்கள். ஈரத் தோள் ஒன்று அவர் தோளில் பட்டது.

"எட்டு."

கதவைத் தட்டித் தட்டித் திறக்கச் சொன்னார்கள். வெளிச்சம் வந்ததும் பலகை கீழே இறங்கியிருந்தது, அதன்மேல் தண்ணீர் தேங்கியிருந்தது, வேறு யாரும் இல்லை. ஆணையம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து இறங்கியது. வெளியே அக்காக்காரி வண்டியின் தகட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, நெற்றியையும் வைத்து நின்றிருந்தார்.

"அது என் தம்பி" என்றார். "அவன் குரல்தான். அவன்தான்யா அது."

அவர் அழுதார், சிரித்தார், எது எப்போது என்று சொல்ல முடியவில்லை. தலைவர் முற்றத்துக் குழாயில் முகம் கழுவி, டையைச் சரிசெய்து, தார்ப்பாய் மூடிய ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார். பதவி மறுபடி உடம்புக்குள் வந்துவிட்டது.

"உண்மை எங்கிருந்து வந்தாலும் இந்த ஆணையம் திறந்த மனசோட ஏத்துக்கும். இது எட்டு பேர் வண்டி. எட்டாவது ஆள் இருக்கார். அவர் ஓடிப்போகல. அந்தக் குற்றச்சாட்டை இந்த நிமிஷமே தள்ளுபடி பண்றேன்."

அக்காக்காரி கைகூப்பினார். "நீங்க நல்லா இருக்கணும்யா. அப்போ அந்த உடம்பை..."

"எந்த உடம்பு?"

"என் தம்பியோட..."

"அம்மா, உங்க தம்பி இப்பதான் ரெண்டு தடவை ஆஜர் சொன்னார். நாங்க ஏழு பேரும் சாட்சி. ஆஜர் ஆனவர் எப்படி இறந்தவர் ஆவார்? அவர் பணியில இருக்கார். பணியில இருக்கறவரோட உடலை வீட்டுக்குக் கொடுக்கச் சட்டத்துல இடமே இல்ல. எவ்வளவு கடமையுணர்ச்சி பாத்தீங்களா? மூழ்கின வண்டியை விட்டு இன்னும் இறங்கல. நாளைக்கே அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் தரச் சொல்றேன். இந்த வண்டியிலேயே நிரந்தரப் பணி." கொஞ்சம் யோசித்தார். "நடைபாதைப் பணியையும் கூடவே சேர்த்துக்கலாம்."

உறுப்பினர்கள் நடுங்கிக்கொண்டே தலையாட்டினார்கள்.

அக்காக்காரியின் கூப்பிய கை அப்படியே நின்றது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் பல்செட்காரர் தரையைப் பார்த்தார். ஓடிப்போனவன் என்றார்கள், இல்லாதவன் என்றார்கள், இப்போது இருக்கிறவன் என்று சொல்லி நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். நான் ஏழு என்று சொன்னதில் ஆரம்பித்தது இது என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது.

"ஐயா" என்றார் அக்காக்காரி. குரல் லிப்டில் மாடி எண் கேட்பதுபோல அடங்கி வந்தது. "எண் கேட்டு அவன் பதில் சொல்லலைன்னா?"

தலைவர் துணைத்தலைவரைப் பார்த்தார். துணைத்தலைவர் பல்செட்காரரைப் பார்த்தார். "சார் ஒரு வீடியோவுல சொல்லியிருக்காரே. தன் சுற்று வந்தும் பதில் தராத காயை மேசையிலருந்து எடுத்துடணும். அது இறந்ததாக் கணக்கு."

"நிபுணர் கருத்து" என்றார் தலைவர் மரியாதையோடு. "கதவும் மூடி இருக்கும். ஓடிப்போகவும் வழியில்ல. உள்ளே இருந்தவர் பதில் சொல்லலைன்னா இறந்துட்டார்னுதான் அர்த்தம். அப்படி ஆனா உடலைக் கொடுக்கறதுல ஆணையத்துக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா அவர் பொறுப்பானவர்மா. சொல்லாம இருக்க மாட்டார்."

"இன்னொரு தடவை எண்ணுங்க."

யாருக்கும் மறுபடி ஏற மனமில்லை. ஆனால் விசாரணையை முடிக்காமல் போனால் முடிக்கும்வரை தினமும் ஏற வேண்டியிருக்கும் என்று துணைத்தலைவர் ஞாபகப்படுத்தினார். ஏறினார்கள். பல்செட்காரர் தன் இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்துப் பலகையில் இன்னும் தண்ணீர் தேங்கியிருந்தது. கதவை மூடும் முன் காவலாளியைக் கையமர்த்திவிட்டு அக்காக்காரி தலையை உள்ளே நீட்டினார். ஆணையத்தை அவர் பார்க்கவே இல்லை. காலிப் பலகையைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, அக்காடா. நான் வந்துட்டேன். உன் குரலைக் கேட்டேன்டா, போதும்டா எனக்கு." மூக்கை உறிஞ்சினார். "இப்ப இவங்க எண்ணுவாங்க. நீ சொல்லாதே. சொன்னே, உன்னை இங்கயே வெச்சுக்குவாங்க. சின்னப் புள்ளையில ஒளிஞ்சு விளையாடும்போது எங்க இருக்கேன்னு கேட்டா உடனே 'இங்க இருக்கேன்'னு கத்திடுவியே, மக்கு. ஒருநாளும் வாயை மூடிட்டு இருந்ததே இல்ல. இன்னைக்கு மட்டும் பேசாம இருடா. உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கதவு மூடியது.

"ஒண்ணு" என்றார் தலைவர்.

எண்கள் இருட்டில் நகர்ந்து வந்தன. ஆறு என்று வந்தபோது ஈரத் தோள் மறுபடி பல்செட்காரர் தோளில் பட்டது. அவர் ஒதுங்கவில்லை. தன் வாழ்க்கையில் இனி ஒருபோதும் சொல்லக்கூடாது என்று நினைத்த எண்ணைச் சொன்னார்.

"ஏழு."

பக்கத்தில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பதில் சொல்வதற்கு முன் எல்லோரும் இழுப்பதுபோல, வேகமாக, முழுசாக. பலகை கிரீச்சிட்டது. பல்செட்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். சொல்லிவிடுவான், பயிற்சி அப்படி, சொல்லாமல் இருக்க முடியாது என்று நினைத்தார். அந்தத் தோள் நடுங்கியது. நெஞ்சு முழுக்க அடைத்த மூச்சோடு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். வெளியே தகட்டில் ஒரு கை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல.

ஆணையம் காத்திருந்தது. விதியை மீறி அதற்கு மேலும் காத்திருந்தது. ஏனென்றால் முதலில் பேசத் தலைவருக்கே பயமாக இருந்தது.

"பதில் இல்ல" என்றார் கடைசியில். "இறந்துட்டார்."

கதவு திறந்தது. மற்றவர்கள் இறங்கி ஓடினார்கள். பல்செட்காரர் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பலகை காய்ந்து கிடந்தது. அக்காக்காரி வாசலில் நின்று அவரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லலை இல்ல சார்?"

"சொல்லலைம்மா. ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் இருந்தான். ஆனா சொல்லலை."

"சமத்து" என்றார் அக்காக்காரி. பிறகு கதவுப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழத் தொடங்கினார்.